ஆற்றைத் தாண்டாத படை

ஹோபாபோ ஆற்றில் அன்று முழங்கால் அளவுதான் தண்ணீர். குதிரையின் வயிறுகூட நனையாது. அதைத் தாண்ட மாட்டோம் என்று நானூறு பேர் கரையில் உட்கார்ந்து பன்றி வாட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்பானியனை எதிர்த்துக் கியூபாவில் நாங்கள் ஆயுதம் தூக்கி ஏழு வருஷம் ஆகியிருந்தது. மேற்கே போன எங்கள் படைக்குத் தோட்டா தீர்ந்துவிட்டது. உடனே வரச் சொல்லிக் கடிதம் வந்தது. போய்ச் சேர்ந்து, கரும்பாலைகளைக் கொளுத்தி, அடிமைகளை மீட்க வேண்டும். அந்த ஆலைகளில் ஒன்றில் என் மனைவி ரெமிகியா இருந்தாள். பழைய எஜமான் செத்ததும் அவன் மகன்கள் அவளை அங்கேயும் என்னை இங்கே ஒரு மாட்டுப் பண்ணைக்கும் விற்றிருந்தார்கள். ஆலைக்காரன் பயந்துபோய், மாதக் கடைசியில் அடிமைகளைக் கப்பலேற்றி ஹவானாவுக்கு அனுப்பப் போகிறான் என்று தப்பி வந்தவன் ஒருவன் சொன்னான். பத்து நாள்தான் இருந்தது.

என்னை வாங்கிய பண்ணைக்காரர்தான் எங்கள் கர்னல், ஹிலாரியோன். போர் தொடங்கிய அன்றே எங்களை விடுதலை செய்தவர். அவருக்காக மூன்று முறை குண்டடி பட்டிருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் வட்டாரத்துக்கு ஒரு தலைவர். வேற்றூர்க்காரன் சொல்லுக்குக் கீழ்ப்படிவதைவிடச் சாவது மேல் என்பார்கள். மேற்குப் படையின் தளபதி வேற்றூர்க்காரர். விஷயம் அவ்வளவுதான். அதை ஒன்பது கோரிக்கைகளாக நீட்டி எழுதி, ஒரு வக்கீல் மரத்தடியில் நின்று வாசித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். கையெழுத்துப் போட வரிசை நின்றது.

நான் கர்னலிடம் போனேன்.

“ஐயா, அங்க சாகறது நம்ம ஆளுங்க.”

“நம்ம ஆளுங்களா? அவனுங்க குதிரை ஏறினா குதிரைதான் அவனுங்கள ஓட்டும்.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

“என் பொண்டாட்டி அங்க இருக்கா, ஐயா.”

“பொண்டாட்டி எந்த ஊர்லதான் இல்ல, தோரிபியோ? இங்கயே நல்லவளா ஒருத்தியப் பார்த்துத் தரேன்.”

சொல்லிவிட்டு எலும்பை உறிஞ்சினார். மீசையில் கொழுப்பு வழிந்தது. பக்கத்தில் கிடந்த காகிதத்தை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். மேற்கிலிருந்து வந்த கடிதம் அது.

“வரிசையில போய் நின்னு கைநாட்டு வை.”

“நாடு, நாடுன்னு சொன்னீங்களே. அது இந்த ஆத்தோட முடிஞ்சுபோச்சா?”

அவர் முகம் மாறியது. “உன்னை விடுதலை பண்ணினது யாருடா?”

அவர் தந்த சார்ஜன்ட் பட்டையைப் பிய்த்து அந்தக் கொழுப்புத் தட்டிலேயே போட்டுவிட்டு ஆற்றில் இறங்கினேன். பின்னால் எட்டுப் பேர் வந்தார்கள். எட்டுப் பேரும் முன்னாள் அடிமைகள்.

நானூறு பேர் என்றால் வழியை மறித்திருந்த ஸ்பானியக் காவல் அரணை உடைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் போயிருக்கலாம். ஒன்பது பேர் சதுப்பு நிலத்தில் பதுங்கிப் பதுங்கிப் போகப் பதினேழு நாள் ஆனது.

ஆலையில் அடிமைக் கொட்டடி திறந்து கிடந்தது. உள்ளே ஒரு கிழவன் மட்டும் இருந்தான். நடக்க முடியாதவன் என்று விட்டுப் போயிருந்தார்கள். ரெமிகியாவைத் தெரியுமா என்று கேட்டேன்.

“துப்பாக்கிச் சத்தம் கேக்குதா கேக்குதான்னு தெனமும் வாசல்ல போய் நிப்பா,” என்றான். “போன ஞாயித்துக்கிழமைதான் கப்பல் போச்சு.”

அந்த மாதமே ஹிலாரியோனை ஜெனரலாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பிறகு தெரிந்தது. கரையில் மிச்சமிருந்த அத்தனை பேரும் கை தூக்கினார்களாம்.