நடக்கத் தெரியாத கார்

அன்று திருமங்கலத்தில் சீர் கொண்டுபோனபோது இருந்தவர்களின் பெயரை முதலில் சொல்லிவிடுகிறேன். காருக்குள் நான், விருமாண்டி. ஓட்டியவன் என் தம்பி நல்லகாமன், கார் அவனுடையது. காருக்குப் பின்னால் தாம்பாளங்களோடு நடந்து என் மனைவி சோணையம்மாள், தம்பி மனைவி தங்கப்பொண்ணு, எங்கள் வகையறாப் பெண்கள். முன்னால் ஆரப்பாளையத்திலிருந்து வந்த பேண்டு செட்; அதற்குத் தலைவர் சங்கிலி. நாங்கள் போய்ச் சேர்ந்த வீட்டில் என் தங்கை முத்துத்தாய், அவள் கணவர் மருது, மருதுவின் அப்பா பேயாண்டி, அப்புறம் முத்திருளன் என்று ஒருவர். மற்றவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தவர்கள். கடை வாசலில் நின்று பார்த்தவன் சொல்வதும் கூட வந்தவன் சொல்வதும் ஒன்றாகாது.

முத்துத்தாயின் பிள்ளைக்குக் காதுகுத்து. கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்து, அந்த வீட்டில் அவள் கேட்காத பேச்சுக் கிடையாது. பிள்ளை பிறந்த பிறகும் பேயாண்டி விடவில்லை. "பிள்ளைய நாங்க கண்டுட்டோம், மாமன் வீட்டுச் சீரை எப்பக் காணப் போறோம்?" என்று பந்தியில் வைத்தே கேட்டவர் அவர். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். நல்ல நேரத்துக்குள் நான் போய்ச் சேராவிட்டால் ஒன்றுவிட்ட மாமன் முறைக்காரர் ஒருவரை உட்கார வைத்துக் குத்திவிடுவார்கள். அதற்குத்தான் முத்திருளன் புது வேட்டி கட்டிக்கொண்டு காலையிலிருந்தே அங்கே உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் என் தங்கை பிள்ளை உட்கார்ந்துவிட்டால், அப்புறம் முத்துத்தாய்க்கு அந்த வீட்டில் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது.

இதற்குள் இந்தக் கார் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். நல்லகாமன் பருத்தி வியாபாரம் செய்கிறான். கொடைக்கானலில் எஸ்டேட் வைத்திருந்த ஒரு துரை ஊரைவிட்டுப் போகும்போது விற்ற காரை வாங்கிக்கொண்டு வந்தான். சிவப்பு நிறம், மேலே கூரை கிடையாது, இரண்டு பேர்தான் உட்காரலாம். பதினோரு பேர் இருக்கிற வீட்டுக்கு இரண்டு பேர் உட்காரும் கார். அதிலும் உட்கார்ந்தால் பிட்டம் ரோட்டைத் தொடுகிற மாதிரி இருக்கும். பக்கத்தில் சைக்கிளில் போகிறவன்கூட நம்மைக் குனிந்துதான் பார்ப்பான்.

கார் வந்த அன்றைக்கே ஊரில் ஆளுக்கொரு யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். செக்கானூரணி டீக்கடையில் ஒரு பஸ் டிரைவர், "க்ளட்ச்ச அரைவாசி மிதிச்ச மேனிக்கே ஓட்டு மாப்ள, வண்டி பூ மாதிரி போகும்" என்றார். டிராக்டர் வைத்திருக்கிறவர், "கியர் மாத்தையில ரெண்டு மிதி மிதிக்கணும்" என்றார். இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டால் பெட்ரோல் மிச்சம் என்றார் இன்னொருவர்; அவருக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. நல்லகாமன் யாரையும் கேட்கவில்லை. துரை சொன்னதைத்தான் வேதம் மாதிரி திருப்பித் திருப்பிச் சொன்னான்.

"இடது காலு க்ளட்ச்சு மேல சும்மா கெடக்கக் கூடாதுண்ணே. மாத்தையில முழுசா மிதிக்கணும், மாத்துன ஒடனே முழுசா எடுத்துறணும். அரை மிதியில வண்டிய நிறுத்தி வச்சா உள்ள தகடு எரிஞ்சு போகும். உருளும்போது மொத கியர் போடக் கூடாது. இன்ஜின் சூடாகாம வெரட்டக் கூடாது."

"இம்புட்டுக் கூடாதா? அப்ப என்னதான்டா செய்யலாம்?" என்று கேட்டேன்.

"ஓட்டலாம்ணே. நல்லா ஓட்டலாம்."

சீருக்கு அம்பாசிடர் வாடகைக்கு எடுப்பது என்றுதான் நான் முடிவு செய்திருந்தேன். ஆனால் தங்கப்பொண்ணு திருமங்கலத்துச் சந்தையில் யாரிடமோ, எங்கள் மூத்தவர் திறந்த காரில் மாலையும் கழுத்துமாக வருவார் என்று சொல்லிவிட்டாள். அது பேயாண்டி காதுக்குப் போய், "மாப்ள தொறந்த கார்ல வாராராமே, பாப்போம்" என்று அவர் ஆள் மூலம் சொல்லியும் அனுப்பிவிட்டார். இனி அம்பாசிடரில் போனால், கார் இருப்பது பொய் என்பார்கள். எங்கள் வீட்டுச் சொல் ஒன்று வெளியே போய்விட்டால் அது நடக்க வேண்டும். யார் சொன்னது என்பது வீட்டுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம்.

இப்படிப்பட்ட காரைப் புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எத்தனை வேகம் போகும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். எத்தனை மெதுவாகப் போகும் என்று கேளுங்கள். துரைக்கு மலை ரோடு இருந்தது, யாரும் குறுக்கே வரவில்லை. நமக்கு ஆடு வரும், சாமி வரும், ஊர்வலம் வரும்.

வெள்ளிக்கிழமை. ராகு காலம் பத்தரைக்கு. கிடாய்களையும் அரிசி மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு எங்கள் ஆம்பிளைகள் லாரியில் முன்னாலேயே போய்விட்டார்கள். திருமங்கலத்து எல்லைப் பிள்ளையார் கோயிலில் எனக்கு மாலை போட்டுக் காரில் உட்கார வைத்தார்கள். தாய்மாமன் மாலையோடு ஏறி உட்கார்ந்துவிட்டால், கூடப் பிறந்தவள் ஆரத்தி எடுக்கும் வரை இறங்கக் கூடாது. இறங்கினால் சீர் பாதி வழியில் நின்றது என்று அர்த்தம்.

பேண்டு கிளம்பியது. சங்கிலி கிளாரினெட்டை வானத்துக்குத் தூக்கி ஊதினார். அவர் ஆட்கள் இரண்டு அடி வைத்தால் ஒரு அடி பின்னால் வந்து ஆடினார்கள். கார் முதல் கியரில் ஆக மெதுவாகப் போனாலே அவர்கள் முதுகில் இடித்துவிடும் வேகம். நல்லகாமன் மிதித்தான், விட்டான், மிதித்தான், விட்டான். ஒவ்வொரு தடவையும் கார் குதிரை மாதிரி ஒரு எட்டு எகிறி நின்றது. என் தலைப்பாகை கண்ணுக்கு இறங்கியது. நான் முதுகை நிமிர்த்தியே வைத்திருந்தேன். அந்த ஆசனத்தில் அது சுலபமான காரியம் இல்லை.

பஜாரில் ஒரு கடைக்கு ஒரு யோசனை.

"ரெண்டாவது கியர்ல போடுங்கண்ணே!"

"நியூட்ரல்ல விட்டுத் தள்ளுங்கப்பா!"

"மாப்ள, மொதல்ல கை பிரேக்க எடுத்துட்டியா பாரு!"

நல்லகாமன் வேர்த்து ஒழுகினான். ஓலை தீய்ந்த மாதிரி ஒரு வாடை வந்தது.

"அண்ணே, தகடு எரியுது. பேண்டுக்காரவுகளக் கொஞ்சம் எட்டி நடக்கச் சொல்லுங்க."

"சங்கிலி, எட்டி நடங்க!" என்று கத்தினேன்.

சங்கிலிக்குக் கேட்கவில்லை. நான் கையை ஆட்டியதைப் பார்த்துப் பாட்டுப் பிடித்துவிட்டது என்று நினைத்து, அங்கேயே நின்று இன்னும் ஒரு சுற்று வாசித்தார். கூட்டம் விசிலடித்தது. நல்லகாமன் க்ளட்ச்சை மிதித்தான். மிதி தரையோடு போய் ஒட்டிக்கொண்டது, மேலே வரவில்லை. கார் ஒரு உதறு உதறி அணைந்தது. அவன் குனிந்து பார்த்தான். க்ளட்ச்சுக்குப் போகிற எண்ணெய் எல்லாம் ரோட்டில் ஒழுகிக் கிடந்தது.

"போச்சுண்ணே."

"என்ன போச்சு?"

"க்ளட்ச்சு போச்சு. இனிமே மிதிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல."

அந்த நேரம் பார்த்துப் பேயாண்டி வீட்டு இளவட்டங்கள் நாலைந்து பேர் வந்து சேர்ந்தார்கள். எங்களை எதிர்கொண்டு அழைக்க வந்தவர்கள். காரைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். சிரிப்பை அடக்க முயற்சி செய்தார்கள் என்றும் சொல்ல முடியாது.

"கவலப்படாதீங்க மாமா. நாங்க தள்ளிக் கொண்டுபோய்ச் சேத்துருவோம். அங்க ஆசாரி ஊசியோட ரெடியா உக்காந்திருக்காரு. முத்திருளன் மாமா மடியில துண்டு விரிச்சாச்சு."

ஒருவன் காரின் பின்பக்கத்தில் கையை வைத்தேவிட்டான்.

"கைய எடு" என்றேன்.

சீர் வாங்குகிறவன் கை, சீர் வந்து சேரும் முன் அதன் மேல் படக் கூடாது. பட்டால் அது மாமன் கொண்டுவந்த சீர் இல்லை, அவர்களே இழுத்துக்கொண்டு போன சீர். இதை என் தங்கை ஆயுசுக்கும் கேட்க வேண்டியிருக்கும். அவன் கையை எடுத்தான். ஆனால் எங்கள் ஆட்கள் லாரியோடு போய்விட்டார்கள். பெண்கள் கையில் தாம்பாளம், பேண்டுக்காரர்கள் கையில் வாத்தியம். இறங்கி நடக்கவும் வழியில்லை. நெஞ்சுக்குள் எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்றே தெரியவில்லை. துரை மேலா, சந்தையில் பேசிய தங்கப்பொண்ணு மேலா, இன்னும் ஊதிக்கொண்டிருந்த கிளாரினெட் மேலா?

நல்லகாமன் என் காதருகே வந்தான்.

"அண்ணே, ஒரு வழி இருக்கு. மொத கியர்ல போட்டுக்கிட்டு அப்படியே சாவியத் திருகுனா, மோட்டார் இழுக்குற இழுப்புல வண்டி கெளம்பிரும். க்ளட்ச்சு வேணாம்."

"அப்பக் கெளப்பு."

"கெளம்பிட்டா நிக்காது. மொத கியர்லயே போகும், ஆனா நடையில போகாது. நிறுத்துனா அணைஞ்சுரும், மறுபடி இழுக்க பேட்டரிக்குத் தெம்பு இருக்கான்னு தெரியல. அதனால..."

"அதனால?"

"எல்லாரும் ஓடணும்ணே."

சீர் நடந்துதான் போகும். என் அப்பா கொண்டுபோன சீரும், அவர் அப்பா கொண்டுபோன சீரும் நடந்துதான் போயின. ஓடுவது பயந்தவன் காரியம் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். ஆனால் முத்திருளன் மடியில் துண்டு விரித்திருக்கிறது. நான் பின்னால் திரும்பி என் மனைவியைப் பார்த்தேன்.

"ஓடுங்க" என்றேன்.

"என்னாது?"

"கார் பின்னாலயே ஓடுங்க. தாம்பாளம் கீழ விழக் கூடாது."

சோணையம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பார்வையை நான் வாங்கியதில்லை. பிறகு கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் சொருகிக்கொண்டு, "அடியே தங்கப்பொண்ணு, சந்தையில வாய் ஓடுச்சுல்ல, இப்பக் கால ஓட்டு!" என்றாள்.

சங்கிலி ஓடி வந்தார். "அண்ணே, ஓடிக்கிட்டே ஊதுனா கிளாரினெட்டு தொண்டைக்குள்ள போயிரும்ணே."

"ஊத வேணாம். டிரம்மு மட்டும் அடிங்க. சத்தம் நிக்கக் கூடாது."

நல்லகாமன் சாவியைத் திருகினான். கார் இரண்டு மூன்று தடவை முக்கி, எகிறி, கிளம்பிவிட்டது. முன்னால் நின்ற பேண்டு செட் அலறிக்கொண்டு ஓடியது. பெரிய டிரம் அடிப்பவர் வயிறு பருத்த மனிதர். அவர் ஒரு அடி ஓட, ஒரு அடி அடிக்க, ஒரு அடி யாரையோ திட்ட, அப்படியே போனார். பின்னால் பெண்கள் ஓடிவரும் கொலுசுச் சத்தம். வாழைப்பழத் தாரைச் சுமந்தவள், "நில்லுங்கடி, நில்லுங்கடி" என்று கத்திக்கொண்டே எல்லாரையும் முந்திப் போனாள். பேயாண்டி வீட்டு இளவட்டங்களும் வேறு வழியில்லாமல் கூடவே ஓடினார்கள். டீக்கடைகளிலிருந்து ஆட்கள் எழுந்து வந்து வாசலில் நின்றார்கள். ஒரு டவுன் பஸ் ஓரம் ஒதுங்கியது. நான் இடமும் வலமும் பார்க்கவில்லை. கையைக் கும்பிட்டபடி வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தேன்.

வீட்டுப் பந்தல் தெரிந்தது. பேயாண்டி வாசலில் நின்றவர் கார் வருகிற வேகத்தைப் பார்த்து ஒதுங்கினார். நல்லகாமன் சாவியை அணைத்துப் பிரேக்கை மிதித்தான். பந்தல் காலில் கட்டியிருந்த வாழைமரம் எங்கள் மேல் சாய்ந்தது, அதோடு கார் நின்றது.

பிள்ளை முத்திருளன் மடியில் இன்னும் உட்காரவில்லை. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலையோடு முத்துத்தாய் இடுப்பில் வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. கொடுக்கச் சொல்லி இரண்டு பேர் கை நீட்டியபடி நின்றார்கள். அவள் கொடுக்காமல் இறுக்கிப் பிடித்திருந்தாள். ஒரு கையாலேயே ஆரத்தித் தட்டை வாங்கி எனக்குச் சுற்றினாள். கண்ணில் தண்ணீர்.

"அண்ணே, நேரம் முடியப் போகுது."

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அந்த ஆசனத்திலிருந்து எழ ஒருவர் கை கொடுக்க வேண்டும், மாலையைக் கழற்ற வேண்டும், வாழையை நகர்த்த வேண்டும். அதற்கு நேரமில்லை.

"பிள்ளைய இங்க குடு" என்றேன்.

முத்துத்தாய் பிள்ளையைக் கார்க் கதவுக்கு மேலாக என் மடியில் இறக்கினாள்.

"காருக்குள்ள வச்சா குத்துறது?" என்று யாரோ கேட்டார்கள்.

"மாமன் மடிதானே வேணும்? இது மாமன் மடி. ஆசாரி, வாங்க" என்றாள் முத்துத்தாய். அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்து கேட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

ஆசாரி ரோட்டில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்தார். அந்தக் காரின் உயரத்துக்கு அது சரியாக இருந்தது. சட்டைப் பையிலிருந்து கடுக்கனை எடுத்துக் கொடுத்தேன். பிள்ளையின் தலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். ஒரு காது, மறு காது. அதற்குள் பெண்கள் மூச்சு வாங்க வந்து சேர்ந்து குலவை போட்டார்கள். பாதிக் குலவை இருமலாக இருந்தது. தாம்பாளம் ஒன்றுகூடக் கீழே விழவில்லை.

முத்திருளன் மடித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்திக்கு எழுந்து போனார். பேயாண்டி என் பக்கம் வந்து நின்றார்.

"எத்தனையோ சீர் பாத்திருக்கேன் மாப்ள. ஓடி வந்த சீரை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

"வந்துச்சா இல்லையா மாமா?"

அவர் பிள்ளையின் காதைப் பார்த்தார். "வந்துச்சு" என்றார்.

திருமங்கலம் பஜாரில் இன்றுவரை, சம்பந்தி வீட்டார் அடித்து விரட்டியதால்தான் விருமாண்டி வகையறா சீர்த் தட்டோடு ஓடியது என்று பேசுகிறார்கள். எங்களை யாரும் விரட்டவில்லை. சம்பந்தி வீட்டை விட்டு நாங்கள் ஓடவும் இல்லை. சம்பந்தி வீட்டுக்குத்தான் ஓடினோம். க்ளட்ச் போய்விட்டது.