ஒடியாத ஆன்டெனா

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் மரத்துப்போனால் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். தலைமுடி போல மெல்லிய ஒரு கம்பிக்காக ஒரு தாய் பட்ட பாட்டைச் சொல்லப்போகிறேன். கண்ணில் நீர் வந்தால் வரட்டும், முந்தானை எதற்கு இருக்கிறது.

அவள் தையல்காரி. புருஷன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே பிள்ளை. பேச ஆரம்பித்த நாளிலிருந்து வாய் ஓயாதவன் என்பதால் வீட்டில் அவனுக்கு 'ரேடியோ' என்றே பெயர். வைத்த பெயர் பலித்ததோ என்னவோ, பட்டாளத்தில் சேர்ந்து, கவச வண்டியில் வயர்லெஸ் பேசுகிற வேலைக்கே போனான். கடைசியாக விடுப்பில் வந்தபோது தன் வண்டியைப் போலவே ஒரு மாடல் செய்ய, பிளாஸ்டிக் பாகங்கள் அடங்கிய பெட்டி வாங்கிவந்து, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டினான். உள்ளங்கையில் அடங்குகிற வண்டி. சக்கரம் சுற்றும், மேல்மூடி திறந்து மூடும். ஆன்டெனா மட்டும் பாக்கி. பெட்டியோடு வந்ததைத் தூக்கிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான்.

"இது ஆன்டெனாவாம்மா? உலக்கை! நிஜ வண்டியில இந்தத் தடிமனுக்கு வச்சா தென்னைமரம் நட்ட மாதிரி இருக்கும். விடு, அடுத்த தடவை வந்து நானே பிளாஸ்டிக்கை உருக்கி மெல்லிசா இழுத்துக்கறேன்."

அடுத்த தடவை அவன் வரவில்லை. சவப்பெட்டிதான் வந்தது. திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முகம்கூடப் பார்க்காமல் அனுப்பி வைத்தாள்.

மாடல் வண்டி மெஷின் மேலேயே மொட்டையாக நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. பிள்ளையின் கடைசி நாளை அவள் பார்க்கவில்லை. அவன் இருந்த நிஜ வண்டி பார்த்தது. அன்றைக்கு அது எப்படி இருந்ததோ அப்படியே, ஒரு குறை இல்லாமல் இந்த மாடலை முடித்துவிட்டால், அந்த நாளில் ஒரு துளியாவது தன் கையில் இருக்கும் என்று நினைத்தாள்.

அவன் வேறு எதற்கோ ஒருமுறை இப்படிக் கம்பி இழுத்ததைப் பார்த்திருக்கிறாள். பாகங்களைக் கழற்றியபின் மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டு வெட்டி, மெழுகுவர்த்தித் தீக்கு மேலே காட்டி உருட்டவேண்டும். நடுவில் பளபளத்துத் தொய்ந்ததும் தீயைவிட்டு வெளியே எடுத்து, ஒரு மூச்சு பொறுத்து, இரண்டு கையாலும் இழுக்கவேண்டும். தீயில் வைத்தே இழுத்தால் அறுந்து சுருளும். அவசரப்பட்டால் சிலந்தி நூல். இழுத்த கையைச் சூடு தணியும்முன் தளர்த்தினால் புழுவாய் நெளியும். அடி தடித்து, நுனி போகப்போக மெலிந்து வரவேண்டும். இல்லாவிட்டால் அது ஆன்டெனா இல்லை, வண்டியில் குத்திய ஊசி.

"அடுப்பைவிட மெழுகுவர்த்திதான் இந்த வீட்டுல அதிகம் எரியுது," என்பார் கண்டக்டர்.

"பசிச்சா ரெண்டு டிக்கெட் கிழிச்சு மென்னுக்கிட்டு இருங்க."

சொல்லிவிட்டு மறுபடி தீயில் காட்டுவாள். விரல் நுனியெல்லாம் கொப்புளம். குப்பைக்கூடை நிறைய நெளிந்த கம்பி. கடைசியில் ஒருநாள் வந்தது பாருங்கள், நேராக, நாணல் மாதிரி! ஊசியால் துளை போட்டு, அடியில் ஒரு பொட்டுப் பசை வைத்து நிறுத்தினாள். கருப்பு பூசினாள். வாசல் காற்றுக்கு நுனி லேசாக ஆடியது.

ஆனாலும் அவளுக்குச் சந்தேகம். அவன் அனுப்பிய போட்டோவில் வண்டியின் மேல்பாதி விழவில்லை. உயரம் சரிதானா? அந்த வண்டியை ஓட்டிய டிரைவருக்குப் போன் போட்டு, வரச் சொன்னாள்.

வந்தான். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான். வண்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா."

"நல்லா இருக்குன்னு சொல்லவா தம்பி உன்னைக் கூப்பிட்டேன்? ஜாக்கெட் பிடிக்குதான்னா கேட்டேன்? அன்னிக்கு இருந்த மாதிரி இருக்கா, அதைச் சொல்லு. உயரமா இருந்தா நறுக்கிடறேன்."

"இருக்கட்டும்மா. நறுக்காதீங்க."

"அப்போ குட்டையா இருக்கா?"

அவன் கண்டக்டரைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்தார். அவள் விடுகிற மாதிரி இல்லை.

"அம்மா... அன்னிக்கு ஆன்டெனாவே இல்லம்மா."

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"மரத்துக்கடியில வண்டியை விட்டேன். நான்தான். கிளை பட்டு அடியோட ஒடிஞ்சுபோச்சு. வயர்லெஸ் ஊமையாயிடுச்சு, யாரையும் கூப்பிட முடியல. உள்ள மாத்து ஆன்டெனா இருந்துச்சு. நான் ஏறி மாட்டறேன்னேன். 'உனக்குத் திருகத் தெரியாதுடா, நீ ஸ்டியரிங்கைப் பிடி'ன்னு சிரிச்சுக்கிட்டே மேல்மூடியைத் திறந்தான். பாதி திருகியிருப்பான், எங்கிருந்தோ குண்டு..."

டிரைவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

கண்டக்டர் எழுந்துவந்தார். அவர் குரலில் கேலி இல்லை.

"எடுத்துடட்டுமா? அன்னிக்கு இருந்த மாதிரியேதானே வேணும்னு சொன்ன?"

விரலை நீட்டினார். காற்றில் அணையப்போகும் சுடரை மறைப்பதுபோல அவள் இரண்டு கையாலும் வண்டியை மறைத்தாள்.

"தொடாதீங்க."

"இல்ல, நீதானே..."

"நிக்கட்டும். இது ஒடியாம நின்னா அவன் எதுக்கு வெளியில வரப்போறான்? உள்ளயே உட்கார்ந்து பேசிக்கிட்டு இருக்கட்டும். வாயாடிப் பய."

டிரைவர் குலுங்கிக் குலுங்கி அழுதான். அவள் அவன் தோளில் கைவைத்தாள். "கிளை இருந்துச்சு, பட்டுச்சு. நீ என்ன வேணும்னேவா இடிச்ச?" என்றாள். அதைச் சொல்லி முடிக்க அவளுக்கும் குரல் இரண்டு தடவை உடைந்தது.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஊசி முனையில் பசை தொட்டு, திறந்து மூடுகிற அந்த மேல்மூடியின் விளிம்பில் தடவினாள். மூடினாள். காயும்வரை கட்டைவிரலை எடுக்கவே இல்லை.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டிலிருந்து வெளியே போனவர்கள் போன முகத்தோடு திரும்பி வரட்டும். அவர்கள் பேசும் சத்தம் உங்கள் சுவர்களுக்குள் ஓயாமல் இருக்கட்டும்.