குழாய்ச் சத்தம்

குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரையும் அக்காவை, தங்கை படிக்கும் பள்ளியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். எந்தக் கம்பெனியிலும் சேராமல், தானே வேலை தேடிச் செய்வது எப்படி என்று சொல்ல வேண்டும். மானம் போய்விடுமோ என்று தங்கை கடைசி பெஞ்சில் பதுங்கியிருந்தாள்.

பேச்சு முடிந்ததும் ஒரு மாணவி கேட்டாள்: “வேலையே வரலைன்னா என்ன பண்ணுவீங்க?”

அக்கா தயங்கினாள். “போன வருஷம் மூணு மாசம் வரலை. யாருக்கும் கேக்கக்கூடாதுன்னு குழாயைத் திறந்துவிட்டு பாத்ரூம்ல அழுதேன். அப்புறம் பூனை வரைஞ்சு குடுன்னு தங்கச்சி பண்ணின நச்சரிப்பு தாங்காம பூனையா வரைஞ்சு தள்ளினேன். அதைப் பார்த்துதான் அடுத்த வேலை வந்துச்சு.”

தங்கை எழுந்தாள். “எனக்குக் கேட்டுச்சுக்கா. அதான் நச்சரிச்சேன்.”

அக்கா கண்களைத் துடைத்துக்கொண்டு வகுப்பைப் பார்த்தாள். “இப்படி ஒரு ஆளும் வேணும். எழுதிக்கோங்க.”