கெயாக்கி நிழலில் ஒரு பெரணிப் பாத்தி

மிசாகோவுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. காலை ஏழு மணியிலிருந்து சமையலறைக்கும் பின்வாசலுக்கும் நடையாய் நடக்கிறாள். பக்கத்து வீட்டு தோகுராவின் கெயாக்கி மரத்தை இன்று வெட்டப் போகிறார்கள். அந்த நிழல் போனால் அவளுடைய பெரணிப் பாத்தியும் போச்சு.

பாத்தி என்றால் கடையில் வாங்கி நட்டதா என்ன? இந்தக் கிசோ மலையிலேயே முளைக்கிற மயில் பெரணி. இலையடியில் ஒட்டியிருக்கும் தூசி போன்ற வித்துகளைத் தட்டி, பாசி மேல் தூவி, ஈரம் காயாமல் ஆறு வருஷம் வளர்த்தாள். போன வருஷம்தான் முழங்கால் உயரம் வந்தது. ஜூன் வெயில் நாலு நாள் நேராகப் பட்டால் அத்தனையும் கருகிவிடும்.

"நேத்தே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?" என்றான் கணவன் யசுஹிதே, சோற்றுக் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"எப்படிச் சொல்றது? கையில மோச்சிப் பலகாரப் பெட்டியோட வந்து நிக்கிறார். நாளைக்கு மரம் வெட்டுற சத்தம் கேக்கும், மன்னிச்சுக்கணும்னு குனியறார். மூஞ்சில அடிச்ச மாதிரி வெட்டாதீங்கன்னு சொல்லவா?"

"என்னதான் சொன்னே?"

"எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லீங்கன்னு சொன்னேன்."

"சபாஷ்! பல்லை இளிச்சுப் பெட்டியை வாங்கி வச்சுட்டு, இப்ப வீட்டை அளக்கிறியாக்கும்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவன் மட்டும் வேறென்ன சொல்லியிருப்பான்? அந்தத் தெருவில் பெட்டியை வாங்கிவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்கப்புறம் வாயைத் திறப்பவளை யாரும் மனுஷியாக மதிக்க மாட்டார்கள்.

ரம்பம் உறுமியது. அவள் வீட்டுப் பக்கம் நீண்டிருந்த பெரிய கிளை மடாரென்று முறிந்து கயிற்றில் தொங்கியது. மிசாகோ செருப்புக்கூடப் போடாமல் காலுறையோடு தெருவில் ஓடினாள்.

"ஐயா! நிறுத்தச் சொல்லுங்க! அந்த மரம் எனக்கு வேணும்!"

தோகுரா எழுபதைத் தாண்டியவர். மரத்தடியில் நின்றவர் சிரித்தபடி குனிந்தார். "உங்க நல்ல மனசுக்குச் சொல்றீங்க, மிசாகோம்மா. பத்து வருஷமா என் மரத்துச் சருகை நீங்க மூட்டை மூட்டையா அள்ளுறதைப் பாத்துக்கிட்டுதானே இருக்கேன். மன்னிப்புக் கேக்குறப்பல்லாம் பரவாயில்லீங்கன்னு சிரிப்பீங்க. உள்ளுக்குள்ள எவ்வளவு வெறுத்திருப்பீங்க!"

அட கடவுளே! இந்த மனுஷர் அவளுக்காகத்தான் வெட்டுகிறாரா?

"சருகு எனக்குத் தேவைங்க! செடிக்கு எருவா போடத்தான் அள்ளினேன்!"

"பாருங்க, இப்பவும் என் மனசு நோகக் கூடாதுன்னு பேசுறீங்க." மரத்தின் மேலிருந்தவனைப் பார்த்துக் கையசைத்தார். ரம்பம் மறுபடி உறுமியது.

இனிமையாகப் பேசுகிற வரைக்கும் இவர் நம்பப் போவதில்லை என்று அவளுக்கு உறைத்தது.

"யோவ் கிழவா!" தெருவே திரும்பிப் பார்த்தது. "காது அவிஞ்சு போச்சா? பத்து வருஷமா பொய்யா சிரிச்சேன்னா நினைச்சே? இன்னொரு கிளை விழுந்தா உன்னைச் சும்மா விட மாட்டேன்!"

தோகுரா அண்ணாந்து கத்தினார்: "டேய், இறங்குடா! இந்தம்மா நிஜமாவே சொல்றாங்க!"

அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இத்தனை வருஷத்தில் அவர் அந்தப் பின்வாசலுக்குள் கால் வைத்ததில்லை. கிளை போன இடத்தில் வானம் பொத்தலாகத் தெரிந்தது. கறுத்த காம்பில் விசிறியாய் விரிந்த இலைகள் மேல் வெயில் பளீரென்று அடித்தது. அவர் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"இதைப் போய் வேகவிட்டிருப்பேனே," என்றார்.

"கிழவான்னு சொன்னதுக்கு..." அவள் குனிய ஆரம்பித்தாள்.

"ஐயோ, அதை வாபஸ் வாங்கிடாதீங்க. வாங்கினா எனக்கு மறுபடி சந்தேகம் வந்துரும்."

அவர் எழுந்து வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றார். "மூங்கில் தட்டி இருந்தா எடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் நான் இங்கேயே நிக்கிறேன்."

பாத்தியில் இருபது செடிகள். அவருடைய நிழல் நாலு செடிக்குத்தான் போதுமாக இருந்தது. மிசாகோ அழுதுகொண்டே தட்டி எடுக்க ஓடினாள்.