அவிழ்க்காத துண்டு

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மரம் நடுவதில் பெத்தனுக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. வருசா வருசம் ஜூன் மாசம் கண்மாய்க்கரைக்கு வருவார்கள். போன வருசம் தோண்டிய குழி பாதி தூர்ந்து கிடக்கும். அதையே கிளறி ஒரு கன்றை வைப்பார்கள். ஒரு கன்றுக்குப் பத்துக் கை பிடிக்கும். போட்டோ எடுத்ததும் போய்விடுவார்கள். அப்புறம் ஆடு வரும். ஆடு பெத்தனுடையது.

அதனால்தான், சட்டையில் ‘பசுமைப் படைத் தலைவர்’ என்று அட்டை குத்தியிருந்த ராஜப்ரியா வாசலில் வந்து நின்றதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஆட்டைக் கட்டிப்போடச் சொல்ல வந்தியாக்கும்? கட்ட மாட்டேன், போ.”

“ஆடு கிடக்கட்டும் தாத்தா. எனக்கு உங்க துண்டு வேணும்.”

பெத்தன் எழுந்தே விட்டார்.

அது தோளில் போடும் துண்டு அல்ல. கோடையில் கண்மாய் வற்றி முழங்கால் தண்ணீர் நிற்கும்போது ஊர் கூடி மீன் பிடிக்கும். பெத்தன் வீட்டு ஆள் கரையில் ஏறி வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒருத்தரும் கால் வைக்கக்கூடாது. வீசியபின் அதை மடைக்கு மேலே நிற்கும் கருவேல மரத்தில் கட்டிவிடுவார்கள். அது அங்கே கட்டிக் கிடக்கும்வரை கண்மாய் எல்லாருக்கும் பொது; தனி ஆள் எவனும் அதில் மண் போட்டு மறிக்கக்கூடாது. உள்ளே இறங்கியவனை ஏன் இறங்கினாய் என்று கேட்க ஊரில் எவனுக்கும் உரிமை கிடையாது. வீசுவதும் அந்த வீடு, அவிழ்ப்பதும் அந்த வீடு. பெத்தனிடம் மிச்சமிருந்த சொத்து அதுதான்.

“துண்டை வச்சு நீ என்ன பண்ணப்போற?”

“நாகேந்திரன் சார் கையில குடுத்து வீசச் சொல்லப்போறேன்.”

“செருப்பு பிஞ்சிரும்!”

பிள்ளை அசையவில்லை. “வைங்க, வாங்கிக்கிறேன். அதுக்கு முன்னாடி ஒருதரம் வரத்துக்காலைப் போய்ப் பாத்துட்டு வாங்க. இந்த வருசம் மரம் நடுற விழா நாகேந்திரன் சார் செலவு. குழி கரையில தோண்டலை.”

நாகேந்திரன் தேவகோட்டை ரோட்டில் கல்யாண மண்டபம் கட்டியவர். மண்டபத்துக்குப் பின்னால்தான் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் ஓடியது. கார் நிறுத்த இடம் போதவில்லை என்று அதில் மண்ணடித்து மூடிவிட்டார். போன ஐப்பசியில் மழைத்தண்ணீர் போக்கிடம் இல்லாமல் கீழத்தெருவில் புகுந்து, ராஜப்ரியா வீட்டு அடுப்பு மிதந்தது. பிள்ளைகள் தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்தார்கள். பார்க்கிறோம் என்றார்கள். இப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பிறர் சொல்லி நம்புகிற ஆள் இல்லை பெத்தன். விடிந்ததும் நடந்துபோய்ப் பார்த்தார். மண்ணடித்த வரத்துக்கால் மேலே நூல் பிடித்த மாதிரி வரிசையாகக் குழிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கம்பி வேலிக் கூண்டு. கூண்டில் நாகேந்திரன் பெயர்.

அவருக்குக் காது சுட்டது. மண்ணை அள்ளிவிடலாம். மரத்தை வெட்ட முடியுமா? பிள்ளைகள் நட்ட மரத்தை எவன் வெட்ட வந்தாலும் அவனைத்தான் ஊர் ஏசும். பயல் பிள்ளைகளை வைத்தே மூடப் பார்க்கிறான்.

பள்ளிக்கூட வாசலில் ராஜப்ரியாவைப் பிடித்தார். “உங்க டீச்சருக்குத் தெரியுமா?”

“சொன்னேன் தாத்தா. ‘அவர் கட்டிக் குடுத்த கட்டடத்துல உக்காந்துக்கிட்டு அவரையே எதுக்கச் சொல்றியா’ன்னாக. நட மாட்டேன்னு சொன்னா அட்டையைப் பிடுங்கிட்டு சத்தியமூர்த்தி மகன் சட்டையில குத்திருவாக. அவன் நட்டுருவான்.”

“நீங்களா மம்பட்டி எடுத்துட்டுப் போயி வெட்டுனா?”

“போன மாசம் போனோம். வாட்ச்மேனை விட்டு விரட்டுனாரு. ‘எந்த உரிமையில இறங்குனீக’ன்னு கேட்டாரு. திரும்பி வந்துட்டோம்.” நிமிர்ந்து பார்த்தாள். “துண்டு விழுந்தா அந்தக் கேள்வியைக் கேக்க முடியாதுல்ல?”

“வரத்துக்காலும் கண்மாயில சேந்ததுதான்,” என்றார் பெத்தன், யோசனையாக. “சரி, வீசுறேன். நானே வீசுறேன். அவன் எதுக்கு?”

“நீங்க வீசுனா, ‘கிழவனைப் பிள்ளைக கிளப்பி விட்டுருச்சுக’ன்னு நாளைக்கே பஞ்சாயத்தைக் கூட்டுவாரு. அவரே வீசுனா?”

பெத்தன் அவளை மேலும் கீழும் பார்த்தார். இந்த வயசில் இவ்வளவு கள்ளத்தனமா? பரவாயில்லையே என்று இருந்தது. ஆனாலும் துண்டைக் கொடுப்பது தன் தலையை அறுத்துக் கொடுப்பது மாதிரி. நாகேந்திரன் அந்த மரியாதைக்கு எத்தனை தூது விட்டிருக்கிறான்! அவரும் எத்தனை பேரைத் திட்டி அனுப்பியிருக்கிறார்!

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் துண்டைத் துவைத்துக் காயப்போட்டார்.

விழா அன்று, வரத்துக்கால் வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில், கண்மாய்க்கரையில் பந்தல், மைக், வரிசையாகக் கன்றுகள். எதிர்க்கரையில் ஊரே, மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் ஊத்தாக் கூடையோடு நின்றது. துண்டு விழப்போகிறது என்று பிள்ளைகள் வீடு வீடாய்ச் சொல்லி வைத்திருந்தார்கள். நாகேந்திரன் கூட்டத்தைப் பார்த்துப் பூரித்துப் போனார். தன் விழாவுக்கு இவ்வளவு பேரா!

ராஜப்ரியா தாம்பாளத்தில் துண்டை வைத்து நீட்டினாள். “சார், மொத மரியாதை உங்களுக்குத்தான். துண்டை வீசித் தொடங்கி வைங்க.”

நாகேந்திரனின் கண் பெத்தனைத் தேடியது. பந்தல் ஓரத்தில் நின்ற கிழவர் தலையை ஆட்டினார். கழுத்து நோகத்தான் ஆட்டினார்.

“பெரியவரே, இப்பவாச்சும் மனசு வந்துச்சே!”

“வந்துருச்சு தம்பி. நல்லா ஒசத்தி வீசுங்க. ஊரு பாக்கட்டும்.”

நாகேந்திரன் கரையில் ஏறி வீசினார். போட்டோக்காரருக்காக இன்னொரு தரமும் வீசினார். ஓவென்று சத்தம் போட்டு ஊர் கண்மாய்க்குள் பாய்ந்தது. பெத்தன் துண்டை வாங்கிக் கருவேல மரத்தில் இறுக்கிக் கட்டினார்.

பிள்ளைகள் மட்டும் மீனுக்குப் போகவில்லை. பந்தலுக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடியிருந்த மண்வெட்டிகளை எடுத்துக்கொண்டு வரத்துக்காலுக்குள் இறங்கினார்கள். முதல் கூண்டைப் பிடுங்கி மேட்டில் போட்டவன் மரிய ஆனந்த். முதல் வெட்டு ராஜப்ரியாவுடையது.

நாகேந்திரன் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடினார். “ஏய், என்ன பண்றீக? மேல ஏறி வாங்கடா!”

“துண்டு விழுந்துருச்சு சார்,” என்றாள் ராஜப்ரியா, வெட்டுவதை நிறுத்தாமல். “கேக்கக்கூடாது.”

அவர் ஆரோக்கிய ஷீலா டீச்சரைப் பார்த்துக் கத்தினார். “கூப்பிடுங்க டீச்சர் உங்க பிள்ளைகளை!”

டீச்சர் கொஞ்ச நேரம் குழிகளையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார். “நான் வெளியூருங்க சார். உங்க ஊரு வழக்கமெல்லாம் எனக்கென்ன தெரியும்?” என்று சொல்லிவிட்டு நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

வாட்ச்மேன் ஒரு பையனின் கையைப் பிடித்து இழுத்தான். தண்ணீருக்குள் ஊத்தாவோடு நின்ற சிட்டாள் நிமிர்ந்தாள். தொண்டை பெரிய பொம்பளை.

“எலேய், கையை எடுரா! துண்டை வீசிப்புட்டு மறிக்கிறானே, இவன் எந்தூரு ஆளு?”

மீன் பிடித்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வாட்ச்மேன் கையை எடுத்தான்.

பொழுது சாயும்போது பாதி மண் வெளியே வந்திருந்தது. பிள்ளைகளின் உள்ளங்கை பிய்ந்திருந்தது. நாகேந்திரன் மரத்தடிக்கு வந்தார்.

“மீன்பிடி முடிஞ்சுச்சு. துண்டை அவுருங்க பெரியவரே. நாளைக்கு மண்ணைத் தள்ளி மூட ஜேசிபி வருது.”

“வீசுற மரியாதையைத்தானே தம்பி கேட்டீக, குடுத்தேன். அவுக்குற மரியாதை என் வீட்டுல இருக்கு.”

“மீனுதான் முடிஞ்சுபோச்சே!”

“முடியலை. ஒரு விரால் தப்பிச்சிருச்சு. பெரிய விரால்.”

“அந்தச் சேத்துக்குள்ளயா? எப்பப் பிடிக்கப் போறீக?”

“மழை பேஞ்சு, வரத்துக்கால்ல தண்ணி வந்து, கண்மாய் பெருகி, திரும்பி வத்தட்டும். அப்பப் பிடிக்கணும்.”

மறுநாள் ஜேசிபி வந்தது. டிரைவர் முத்துராமலிங்கம் உள்ளூர்க்காரன். கருவேல மரத்தை அண்ணாந்து பார்த்தான், இஞ்சினை அணைத்தான், பீடி பற்றவைத்தான். “துண்டு கிடக்குண்ணே, நான் இறங்க மாட்டேன்,” என்று போனில் சொன்னான். அந்தப் பக்கம் வந்த வசவை எல்லாரும் கேட்டார்கள். அவன் பீடியை முடிக்கும்வரை போனைக் காதிலிருந்து தள்ளியே பிடித்திருந்தான்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் வந்தார்கள். வரத்துக்காலை வெட்டிய கையோடு, விழாவுக்கு வந்த கன்றுகளைக் கரைமேல் புதுக்குழி தோண்டி நட்டார்கள். ராஜப்ரியாவின் சட்டையில் அட்டை இல்லை. பிடுங்கிவிட்டார்களாம். அவள்தான் யார் எங்கே வெட்டுவது என்று கத்திக்கொண்டிருந்தாள். சத்தியமூர்த்தி மகன் அட்டையைக் குத்திக்கொண்டு அவள் சொன்ன இடத்தில் மண் சுமந்தான்.

“தாத்தா, ஆடு!” என்று கூவினாள்.

“பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்! ஒரு மரம் பிழைச்சுக் காட்டுங்க, அப்புறம் பேசுங்க.”

சொல்லிவிட்டு ஆட்டை இழுத்து வந்து, துண்டு கட்டிய மரத்திலேயே கட்டினார்.