ஏஜென்ட் பெயரில் போன பொத்தான்கள்

பொத்தான் பட்டறைக்காரி மூன்றாவது முறையாக வரிச்சலுகைக் கவுண்டருக்கு வந்து நின்றாள். முதல் முறை விண்ணப்பத்தில் ஒட்டிய புகைப்படம் சின்னதாக இருக்கிறதென்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த முறை பெரிதாக இருக்கிறதென்று அனுப்பினார்கள். இன்றைக்கு அந்தப் பாழாய்ப்போன புகைப்படத்தை யாரும் ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். மரப்பொத்தான் அறுக்கும் புது மெஷின் துறைமுகத்தில் வந்து கிடந்தது. பதிவு பெற்ற பட்டறை, மூன்று வருடமாவது ஏற்றுமதி செய்திருக்கிறது என்றால் அதற்கு வரி கிடையாது. இல்லையென்றால் முழு வரி. பட்டறையை அடகு வைத்தால்தான் கட்ட முடியும். வெள்ளிக்கிழமைக்குள் எடுக்காவிட்டால் மெஷின் விற்றவனுக்கே திரும்பிப் போய்விடும். பழைய மெஷினோ பத்துப் பொத்தான் அறுத்தால் மூன்றை உடைத்துத் தள்ளியது.

அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"பட்டறை பதிவாகியிருக்கும்மா. ஆனா நீங்க எதையும் ஏற்றுமதி பண்ணதா இதுல இல்லியே."

"என்ன சார் சொல்றீங்க! ஆறு வருஷமா மாசா மாசம் கப்பல் ஏறுது சார் என் பொத்தான்!"

"ஏறியிருக்கும். யார் பேருல ஏறுச்சு?"

அவள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். கணவன் சுவரில் தொங்கிய காலண்டரை உன்னிப்பாகப் படித்துக்கொண்டிருந்தான். மெஷின் அவள் பொறுப்பு, காகிதம் அவன் பொறுப்பு என்று கல்யாணமான புதிதிலேயே பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க, உங்களத்தான் கேக்குறாரு."

"சரக்கு அனுப்புற ஏஜென்ட் அண்ணன் பேருலதான்" என்று இழுத்தான். "ஒவ்வொரு தடவையும் பதினாறு ஃபாரம். 'எனக்குத்தான் லைசென்ஸ் இருக்கே மாப்ள, என் பேருலயே போட்டுடறேன், நீங்க ஏன் அலையறீங்க'ன்னாரு. பொருள் போய்ச் சேந்தா சரிதானேன்னு விட்டுட்டேன்."

ஐயோ! அவளுக்கு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழலாம் போல் இருந்தது. அதைவிட, அவன் தலையில் ஒரு கொட்டு வைக்கலாம் போலவும் இருந்தது.

அதிகாரிக்கே பாவமாகிவிட்டது. "ஒண்ணு பண்ணுங்க. வாங்குற கம்பெனிகிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. வந்ததெல்லாம் உங்க பட்டறை சரக்குதான்னு எழுதித் தந்தா, மேல அனுப்பிப் பாக்கலாம்."

அங்கிருந்து நேரே ஏஜென்ட் அலுவலகத்துக்குப் போனார்கள். சுவரில் ஆறு கேடயங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. எல்லாம் சிறந்த ஏற்றுமதியாளர் விருது. இவளுடைய பொத்தானைக் காட்டி வருடா வருடம் சலுகையும் வாங்கி, மாலையும் போட்டுக்கொண்டிருக்கிறார் மனுஷன்.

"இதுக்கா தங்கச்சி இவ்வளவு கோபம்?" என்று சிரித்தார் ஏஜென்ட். "மெஷினையும் என் பேருலயே எடுத்துடலாம். வரியே கிடையாது. உன் பட்டறையிலதானே ஓடப்போவுது?"

கணவன் அதற்குள் சட்டைப் பையில் பேனாவைத் தேடினான். அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வாங்கும் கம்பெனியின் மின்னஞ்சல் முகவரி பெட்டியில் ஒட்டும் சீட்டிலேயே இருந்தது. அன்றைக்கே அவர்களுக்கு மின்னஞ்சல் எழுதினாள். நான் இன்னார், எல்லாப் பொத்தானும் என் கையால் செய்தது, ஒரு வரி எழுதித் தந்தால் போதும் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டிருந்தாள்.

வியாழக்கிழமை காலையில் அடுத்த சரக்குக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாசித்தாள்.

'உங்கள் கடிதம் எங்களுக்குக் குழப்பமாக இருக்கிறது. நாங்கள் ஏஜென்டின் சொந்தப் பட்டறையிலிருந்து மட்டுமே பொத்தான் வாங்குகிறோம். அங்கே திறமையான ஒரு பெண் வேலைகளைக் கவனித்துக்கொள்வதாக அவர் அடிக்கடி சொல்வார். அது நீங்கள்தானோ? உங்கள் உழைப்புக்கு எங்கள் பாராட்டுகள். கடிதம் வேண்டுமென்றால் உங்கள் முதலாளி மூலமாகக் கேளுங்கள்.'

இரண்டு தடவை வாசித்தாள். ஆறு வருடம் விரல் தேயப் பொத்தான் இழைத்து, கடைசியில் அவளுக்கே தெரியாமல் அவளுக்கு ஒரு முதலாளி!

கணவன் போனை வாங்கி, உதடு அசைய மெதுவாகப் படித்தான். முகம் கொஞ்சம் தெளிந்தது.

"பாத்தியா, உன்னப் பத்தி நல்லவிதமாத்தான் சொல்லியிருக்காரு."

அவள் கட்டி முடித்த பன்னிரண்டு பெட்டிகளையும் ஒவ்வொன்றாக உள்ளறைக்கு இழுத்துப் போனாள். பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். வாசலில் ஏஜென்டின் வேன் வந்து ஹாரன் அடித்தது.

"சரக்கு எடுக்க வந்துட்டாங்கடி. என்ன சொல்லட்டும்?" கணவன் கையைப் பிசைந்தான்.

"அவரோட சொந்தப் பட்டறையில போய் எடுத்துக்கச் சொல்லுங்க" என்றாள்.