மூணு மணிக் கோளாறு

அந்தக் கால்நடை மருத்துவமனைக்கு அவள் வருவது இது நான்காவது தடவை. கணினி பழுது பார்ப்பவள். கணவன் கால் எலும்பு முறிந்து படுத்த இரண்டு மாதமாக, சேர்ந்தாற்போல் நான்கு மணி நேரம் அவள் தூங்கியதில்லை. படியேறும்போதே முழங்கால் வலித்தது.

நாய், பூனைகளின் எக்ஸ்ரே படங்கள் எல்லாம் கணினியோடு இணைத்த ஒரு ஹார்ட் டிஸ்க் பெட்டியில் இருந்தன. சில நேரம் படத்தைத் திறந்தால் திரை அப்படியே உறைந்துவிடும். பிறகு படம் கிடைக்கவில்லை என்று வரும். அவள் வந்து உட்கார்ந்தால் மட்டும் எல்லாம் ஒழுங்காக ஓடும். முதல் தடவை கேபிளை மாற்றினாள். அடுத்த தடவை கணினியின் மின்சேமிப்பு அமைப்புகளுக்குள் போய், ஹார்ட் டிஸ்க்கை ஒருபோதும் அணைக்காதே என்று வைத்தாள். மூன்றாவது தடவை டிஸ்க்கையே அலசிப் பார்த்தாள். அதில் ஒரு குறையும் இல்லை.

"நீங்க இருந்தா சமத்தா இருக்கு. தெருமுனை தாண்டினதும் மக்கர் பண்ணுது," என்றார் டாக்டர். பிறகு வரவேற்பு மேசைப் பக்கம் திரும்பினார். "அக்கா, நீதான் எதையோ அழுத்தித் தொலைக்கிறே."

அக்கா பேனாவை எடுத்துக்கொண்டாள். டாக்டரின் கூடப்பிறந்தவள், பதினோரு வருடமாக அந்த மேசைதான் அவள் உலகம். மூன்று வாரமாக மவுஸைத் தொடுவதையே விட்டுவிட்டு, வருகிறவர்களின் விவரத்தைத் துண்டுச் சீட்டில் எழுதித் தம்பியிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு டாக்டர் மாடிக்குச் சாப்பிடப் போனார். பழுது பார்ப்பவள் ஒரே படத்தை இருபது தடவை திறந்து மூடினாள். இருபது தடவையும் திறந்தது. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"எனக்கே புரியலக்கா."

"ஒண்ணு சொல்லட்டுமா? திட்ட மாட்டியே?"

"சொல்லுங்க."

"காலைல கம்ப்யூட்டரைப் போட்டதும் இது வர்றதில்ல. கூட்டம் இருந்தாலும் வராது. மதியம் மூணு மணிக்கு மறுபடி தொறக்கும்போது, மொத கேஸுக்குத்தான் வரும். ஒரு நாள் விடாம."

அவள் நிமிர்ந்தாள். "இதை ஏங்க்கா முன்னாடியே சொல்லல?"

"யாரும்மா கேட்டீங்க?"

சுருக்கென்றது. மூன்று தடவையும் அவள் டாக்டரிடம்தான் கேட்டிருந்தாள்.

"அப்போ, யாரும் தொடாம விட்டாத்தான் வருது. மூணு மணி வரைக்கும் நாம சும்மா இருக்கணும்."

"சும்மா இருக்கறதுக்கு ஒரு வேலைன்னா எனக்கும் ஒண்ணு பாத்துக் குடு," என்று அக்கா சிரித்தாள்.

நாய்களோடு வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் பழுது பார்ப்பவள் சாய்ந்தாள். எப்போது கண் அசந்தாள் என்று தெரியாது. அக்கா தொலைபேசி மணியைக் குறைத்துவிட்டு, மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

மூன்று மணிக்கு ஒரு பெண் கூடையில் பூனையோடு வந்தாள். டாக்டர் இறங்கி வந்தார். அக்கா தோளைத் தொட்டு எழுப்பினாள்.

"டாக்டர், நீங்க தொடாதீங்க. அக்கா தொறக்கட்டும்."

அக்கா தயங்கித் தயங்கி மவுஸை அழுத்தினாள். திரை உறைந்தது. "பாத்தீங்களா!" என்று டாக்டர் ஆரம்பித்தார். பழுது பார்ப்பவள் கையைக் காட்டி அவரை அடக்கிவிட்டு, பெட்டியில் காதை வைத்தாள். முதலில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு உள்ளே கிர்ரென்று ஏதோ மெல்லச் சுழலத் தொடங்கியது. அதற்குள் படம் கிடைக்கவில்லை என்று வந்துவிட்டது.

"பெட்டி தூங்கியிருக்கு," என்றாள். "நான் கம்ப்யூட்டரோட செட்டிங்கைத்தான் மாத்தினேன். இந்தப் பெட்டிக்குள்ளயே தனியா ஒரு மின்சேமிப்பு இருக்கு போல. கொஞ்ச நேரம் யாரும் கூப்பிடலன்னா தானா நின்னுடுது. திரும்பச் சுத்தப் பத்து செகண்ட் ஆகுது. உங்க எக்ஸ்ரே புரோகிராம் அதுவரைக்கும் பொறுக்கல."

பெட்டி செய்த நிறுவனத்தின் மென்பொருளை இறக்கிப் போட்டாள். அரை மணி நேரத்தில் தூங்கு என்று அதில் இருந்தது. அதை நீக்கினாள்.

"ரெண்டாவது தடவையே இதைப் பாத்திருக்கணும். என் தப்பு. அக்கா எதையும் அழுத்தல."

டாக்டர் பூனையின் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, இனிமே நீயே கம்ப்யூட்டர்ல போட்டு அனுப்பு. உன் சீட்டைப் படிக்க முடியல, கோழி கிளறின மாதிரி இருக்கு."

"அவ்வளவுதானா?"

"மன்னிச்சுக்கோ," என்றார், பூனையிடம் சொல்வதுபோல.

"பூனைக்குக் கேட்டுடுச்சு. எனக்குக் கேக்கல."

கூடைக்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் காது சிவக்க, இன்னொரு தடவை உரக்கச் சொன்னார்.

சோதித்துப் பார்க்க இன்னும் முக்கால் மணி நேரம் யாரும் படங்களைத் தொடாமல் இருக்க வேண்டியிருந்தது. நல்லவேளை, அடுத்து வந்தவை தடுப்பூசிக்கு வந்த நாய்க்குட்டிகள். நாலரைக்கு அக்கா ஒரு படத்தை அழுத்தினாள். கண்ணிமைப்பதற்குள் ஒரு நாயின் இடுப்பெலும்பு திரையில் வந்து நின்றது. அடுத்ததைத் திறந்தாள், அதற்கடுத்ததையும். தேவையே இல்லாமல் ஏழெட்டுப் படங்களைத் திறந்து பார்த்தாள்.

பழுது பார்ப்பவள் பையைத் தோளில் மாட்டினாள். வாசலில் வெயில் இன்னும் இறங்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் நல்ல கூட்டம். உட்கார இடம் கிடைக்காது என்று பார்த்ததுமே தெரிந்தது.